எலும்புத்தூளும் ஐந்தருவியும்

குற்றாலத்துக்கு எந்த மாதம் போகலாம், எப்படிப் போகலாம் என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது எழுதுகிறீர்கள். சொல்கிறேன், பொறுங்கள். என் மனதில் நிற்கிற குற்றாலப் பயணம் குளிக்கப் போனதல்ல. அக்காவின் கன்றுக்குட்டிகளைப் பார்க்கப் போனது. அறுபதுகளின் தொடக்கம், ஆடி மாதம்.

அக்காவுக்குக் குற்றாலத்துக்குப் பக்கம் வடகரையில் வீடு. அத்தான் இறந்தபின் அவளுக்கு மிஞ்சியது கொஞ்சம் வயலும் செவலை, மயிலை என்று இரண்டு காளைக்கன்றுகளும்தான். அவை வளர்ந்து ஏரில் பூட்டினால் தானே பயிர் வைக்கலாம். இல்லாவிட்டால் வயலை அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டியதுதான். இரண்டும் கால் நடுங்கி நிற்பதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

திருநெல்வேலியில் காலை ரயில் ஏறி, பத்து மணி சுமாருக்குத் தென்காசியில் இறங்கினேன். நல்ல சாரல். நேரே மாட்டு டாக்டரிடம் போனேன்.

"மலையடியில மேயுதா?" என்றார்.

"ஆமா, வேற மேய்ச்சல் ஏது?"

"அங்கன மழைக்கு முளைக்கிற ஒரு புல்லு பாக்கப் பச்சைப்பசேல்னு இருக்கும். உள்ள நஞ்சு. உடம்புல உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சு வச்சுக்கிடும். வளருத கன்னுக்கு எலும்பு எப்படி உரம் ஏறும்?"

வேகவைத்து அரைத்த எலும்புத்தூள் ஒரு பை கொடுத்தார். உப்போடு கழனித்தண்ணீரில் கலந்து தினமும் வைக்கச் சொன்னார். அங்கிருந்து வடகரை ஐந்தாறு மைல், பஸ்ஸில் போனேன்.

எங்கள் வீடு சைவம். பையில் இருப்பது என்னவென்று அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். வந்ததே கோபம்!

"முட்டை ஓடு கூட விழாத வீடுலே இது. வாயில்லாச் சீவன் வாயில எலும்பைத் திணிக்கச் சொல்லுதியா? தூக்கி எறிலே!"

"இது மருந்துக்கா. கன்னு செத்துப்போனா என்ன செய்வ?"

"சாமி பாத்துக்கிடும்."

எனக்கும் கோபம் வந்தது. பையைத் தொழுவத்துக் கம்பில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் வாய்க்காலைத் தாண்டும்போது மயிலை மடிந்து விழுந்தது. முன்னங்கால் முறிந்த சத்தம் கரையில் நின்ற எனக்கே கேட்டது. தூக்கி நிறுத்திப் பார்த்தோம், நிற்கவில்லை. இரண்டு நாள் படுத்தே கிடந்து செத்தது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

குழி தோண்டி மூடிவிட்டு வந்தால் செவலையைக் காணோம். தேடிப் போனோம். வாய்க்கால் கரையில், எப்போதோ செத்த மாட்டின் எலும்பு ஒன்றைக் கடைவாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. அக்கா ஓடிப்போய்ப் பிடுங்கினாள். அது அவள் கையையே பார்த்துக் கழுத்தை நீட்டியது.

"ஏலே, அதுவே தேடித் தின்னுதுலே!" என்றாள். விறுவிறுவென்று தொழுவத்துக்குப் போய்ப் பையை இறக்கினாள். தன் கையாலேயே கலந்து வைத்தாள்.

ஐப்பசியில் மறுபடி போனேன். செவலை நடுக்கமில்லாமல் நின்றது. தை மாதம் ஏரில் பூட்ட அதற்கு ஜோடி பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. பிறகு, "என்னை ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போலே" என்றாள்.

இனி உங்களுக்கு. தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல், அங்கிருந்து ஐந்தருவி இன்னொரு மூன்று. சாரலுக்கு ஆனி, ஆடி நல்லது. ஐப்பசியில் போனால் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். செம்மண் கலங்கி வந்தால் இறங்கவே வேண்டாம். கன்று வளர்ப்பவர்கள் இப்போது எலும்புத்தூளுக்கு அலைய வேண்டாம். தாது உப்புக் கலவை கடையிலேயே கிடைக்கிறது. அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவைக் கூட்டிப் போன அன்று தண்ணீர் தெளிவாக இருந்தது. பெண்கள் பக்கம் போன அக்கா வெகுநேரம் வரவில்லை. உதடு நீலம் பாரித்து வந்தவளிடம், "எலும்பு தொட்ட பாவம் போயிட்டுதாக்கா?" என்று கேலியாகக் கேட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "தொட்டதுக்கா குளிச்சேன்? மயிலைக்குக் கொடுக்காம விட்டேம்லா, அதுக்குலே."