உம்மா ஏறிய பாசஞ்சர்

எங்கள் ஊரில் ரயில் நிற்க வேண்டும் என்று முதலில் பிடிவாதம் பிடித்தது என் உம்மாதான். நான் அப்போது நாலாம் வகுப்பு. ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மேலே படிக்க ராமநாதபுரம் போக வேண்டும். பொம்பளைப் பிள்ளை தினமும் பத்து மைல் நடக்குமா? ராமேஸ்வரத்திலிருந்து காலையில் வரும் பாசஞ்சர் எங்கள் கொல்லையை ஒட்டித்தான் போகும். ஆனால் நிற்காது.

வாப்பா கொழும்பில் கடையில் இருந்தார். உம்மா தனியாளாக மனு எழுத வைத்து, கையெழுத்துக்கு வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வருஷம் கழித்து ரயில்வேயிலிருந்து பதில் வந்தது. காலை, மாலை இரண்டு வண்டியையும் மூன்று மாதம் நிறுத்திப் பார்ப்பார்களாம். ஆள் ஏறினால் நிரந்தரமாக நிற்கும், பிற்பாடு மேடையும் கூரையும் வரும். ஏறாவிட்டால் பழையபடி கைகாட்டிவிட்டுப் போய்விடும்.

முதல் நாள் ஊரே ரயிலடியில் நின்றது. வண்டியோடு வந்த அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

"சீக்கிரம் ஏறுங்க, ஏறுங்க!" என்றார்.

"நாங்க எங்கன ஏற? மச்சானைப் பயணம் அனுப்பத்தானே வந்தோம்!" என்றார் என் பெரியவாப்பா.

மதுரைக்குக் கிளம்பியது என் மாமா ஒருவர்தான். எங்கள் ஊரில் ஒருவர் பயணம் போனால் சொந்தம் அத்தனையும் கூடவே வந்து, துஆ ஓதி, கைகொடுத்து அனுப்ப வேண்டும். வராதவர் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போகமாட்டார்கள். மாமா ஏறினார். கூட்டம் கையை ஆட்டியது. அதை மட்டும் நன்றாகவே ஆட்டியது.

அன்று உம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி பெரியவாப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்லாவே! நிண்டு வேடிக்கை பாக்கவா, மச்சான், ரயிலைக் கூப்பிட்டோம்?"

"சோலி இல்லாம எங்கன போறது, புள்ளை?"

"சோலி இல்லாட்டி என்ன? நான் போறேன்."

சொன்னபடியே மறுநாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, என் சித்தி முறையான சாச்சியையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே மூன்று மைல் வெயிலில் நடந்து திரும்பினாள். தினமும் இதே கதை. ஊர் வாய் சும்மா இருக்குமா?

"பேசுறவுக ஒரு டிக்கட்டை எடுத்து ஏறிக்கிட்டுப் பேசட்டும்" என்றாள் உம்மா.

மெல்ல மெல்லப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் ஆண்களுக்கு ரோஷம் வந்து, அவர்களுக்கும் ராமநாதபுரத்தில் சோலி முளைத்தது.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. தினம் தினம் ரயில் சவாரி, என்னை மட்டும் விட்டுவிட்டு! நான் மத்தியானம் சாப்பிட வந்தால் உம்மா முகம் வெளுத்துப் பாயில் சுருண்டு கிடப்பாள். சோற்றைத் தொடமாட்டாள். அந்த ஸ்டேஷன் வாசலில் வடைக்கடை இருப்பது எனக்குத் தெரியும். வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து படுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை.

மூன்று மாதம் முடிந்தது. வண்டி இனி நிரந்தரமாக நிற்கும் என்று உத்தரவு வந்தது. ஜூனில் என்னை ஹைஸ்கூலில் சேர்க்க மாமா கிளம்பினார். உம்மா என் தலையைத் தடவி, வண்டியில் ஏற்றிவிட்டு, சட்டென்று தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"நீயும் வா உம்மா" என்றேன்.

"வேணாண்டி. அந்தக் கரிப்புகை எனக்கு ஒத்துக்கிடாது."

சாச்சி சிரித்தாள். "மூணு மாசமா சன்னல்ல தலைய விட்டு வாந்தி எடுத்தவளை மறுபடியும் ஏறச் சொல்றியே, நல்ல புள்ளைதான் நீ!"

வண்டி நகர்ந்தது. இவ்வளவு பிடிக்காத ரயிலை இந்த உம்மா எதற்காகத்தான் நிற்கச் சொல்லி இந்தப் பாடு படுத்தினாளோ என்று யோசித்துக்கொண்டே, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நான் ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தேன்.