ஓர் எழுத்துக்கு மட்டும் சிவப்பு

என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது அப்பாவின் குலப்பெயர் அல்ல, முழு அப்பாவும்தான். சீனாவில் குலப்பெயர் முதலில் வரும், ஆளின் பெயர் அதற்குப் பிறகு. அப்பாவின் குலப்பெயர் லிம். அதன் பின்னால் வரும் இரண்டு எழுத்துகள் அவருடைய சொந்தப் பெயர். என் அண்ணன் பிறந்ததைப் பதியப் போன இடத்தில், குமாஸ்தா மூன்றையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதி, குடும்பப் பெயர் இதுதான் என்று போட்டுவிட்டான். அப்பாவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஆகவே மொரிசியஸில், ஏன், உலகத்திலேயே, அந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்கள் நாங்கள் ஏழு பேர்தான். அப்பாவும் பிள்ளைகள் ஆறு பேரும். அம்மா கணக்கில் இல்லை. சீனாவில் அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்ததால், அம்மாவின் கழுத்தில் கோயிலில் தாலி ஏறியதே தவிர, பதிவாளர் புத்தகத்தில் அவள் ஏறவில்லை.

"எங்க ஊர்ச் சந்தையில லிம்முன்னு ஒரு சத்தம் போட்டா, அத்தனை பேரும் திரும்புவான்," என்பார் அப்பா. "இங்க ஒரு குமாஸ்தா என்னை ஒரு சாதிக்கே தாத்தாவா ஆக்கிட்டான்."

எங்கள் கடை குட்லண்ட்ஸிலிருந்து கொஞ்சம் தள்ளி, கரும்புக்கு நடுவே இருந்தது. அம்மாவின் அப்பா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்து, தோட்டத்துக்காரர்கள் துண்டு போட்டு விற்றபோது இரண்டு அர்ப்பான் நிலம் வாங்கிச் சொந்தமாகக் கரும்பு போட்டவர். அப்பாவின் தமிழ் அந்தக் கரும்புக்காரர்களிடம், அரிசியும் கருவாடும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டே கற்ற தமிழ். வசவுகளைத்தான் முதலில் கற்றுக்கொண்டார் என்று அம்மா சொல்வாள். எனக்கு வாய் நீளம். அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

லிம் என்றால் காடு. பருப்புப் பொட்டலம் கட்டும் தாளில் அந்த எழுத்தை அப்பா எனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மரம், அவ்வளவுதான். சீன எழுத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அது எப்படி வந்தது என்று அவர் ஒரு கதையும் சொல்வார்.

"ஒரு ராஜா. கெட்டவன். மந்திரி நல்லவன். நல்லது சொன்னான், ராஜா அவன் நெஞ்சைப் பொளந்துட்டான். மந்திரி பொண்டாட்டி வயித்துப் புள்ளையோட காட்டுக்கு ஓடினா. மரத்துக்கு நடுவுல பெத்தா. அப்புறம் ஒரு நல்ல ராஜா வந்தான், அந்தப் புள்ளைக்குக் காடுன்னே பேரு குடுத்தான். நாங்க எல்லாம் அந்தப் புள்ளை."

"அந்தப் பொம்பளை பேரு என்ன?" என்றாள் அம்மா ஒருநாள்.

அப்பா யோசித்தார். "அது எனக்குத் தெரியாது."

"நல்லா இருக்கு போ! ஓடினவ அவ, பெத்தவ அவ. பேரு மட்டும் ஆம்பளைக்கு," என்று சொல்லிவிட்டு அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரே புள்ளையின் வம்சம் என்பதால் லிம் வீட்டார் லிம் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். நாடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்றாலும், அண்ணன் தங்கைதான். இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அது என் தலையிலேயே வந்து விடியும் என்று மட்டும் தெரியாது.

எனக்குப் பத்தொன்பது வயதில் தேர் ரூஜ் என்ற ஊரிலிருந்து ஒருவர் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தார். அங்கே ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். உப்புமீன் வாங்க வருவதாகப் பெயர். துறைமுகப் பட்டணம் அவருக்குப் பக்கத்திலேயே இருக்க, உப்புமீனுக்கு இவ்வளவு தூரம் வருவானேன் என்று அம்மா முதல் மாதமே கேட்டுவிட்டாள். அவருடைய அப்பாவும் சீனர். இவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வளர்த்தது அம்மா, நம் தமிழ்ப் பெண், கத்தோலிக்கர். அந்த அப்பாவை எல்லாரும் செல்லமாக எப்படிக் கூப்பிட்டார்களோ, அதையே இவருக்குக் குடும்பப் பெயராகப் பதிந்திருந்தார்கள். எங்களுக்காவது முன்னால் லிம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்குக் குலப்பெயர் சுத்தமாக உதிர்ந்துபோயிருந்தது. உங்கள் குலம் என்ன என்று கேட்டால் சிரிப்பார்.

அப்பா விசாரிக்காமல் இல்லை. அந்த அம்மாளிடம், உங்கள் வீட்டுக்காரர் சீனாவில் எந்த ஊர் என்று கேட்டார். அவள் ஊர்ப்பெயரைச் சொன்னாள். அப்பாவுக்கு நிம்மதியாகிவிட்டது. அவர் நாட்டுப் பக்கம் ஓர் ஊர் என்றால் ஒரு குலம். ஊர் வேறு என்றால் குலமும் வேறுதான் என்று முடிவு கட்டிவிட்டார். இங்கே கரும்பு மாதிரி அங்கேயும் மனிதர்கள் வெட்டுப்பட்டு வேறு மண்ணில் நடப்பட்டிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரே அப்படி வந்தவர்தானே! இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

நிச்சயத்துக்கு முன்னால், செத்த சம்பந்தியிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா, நான், அவர் மூன்று பேரும் கழுதை வண்டியில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வடக்குப் பக்கத்துச் சீனர்களை அங்கேதான் புதைப்பார்கள். வேகவைத்த கோழியும் தேநீரும் ஊதுபத்தியும் என் மடியில் இருந்தன. அந்தக் கல்லறை பார்க்கச் சுத்தமாக இருந்தது. வருஷா வருஷம் நவம்பரில், கத்தோலிக்கர்களின் ஆத்துமாக்கள் திருநாளன்று, அவர் தன் அம்மாவோடு வந்து புல் பிடுங்கி, எழுத்துகளுக்கு வண்ணம் பூசுவாராம். புதைத்தவர்கள் அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்களாம், இந்த ஓர் எழுத்துக்கு மட்டும் சிவப்பு, மற்றதுக்கெல்லாம் கறுப்பு என்று. அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பள்ளத்தை விட்டு ஒரு சொட்டு வெளியே போகாமல் அத்தனை அழகாகப் பூசியிருந்தார்.

வண்டியிலிருந்து இறங்கும்போதே நான் பார்த்துவிட்டேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மரம், ரத்தச் சிவப்பாக.

அப்பா தேநீரை ஊற்றினார். ஊதுபத்தியைக் குத்தினார். மூன்று முறை குனிந்தார். என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவர் ஆவலாக, "மாமா, எங்கப்பா பேரு என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். பாவம், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் முதல் தடவையாக அவரோடு அங்கே வந்திருக்கிறார். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"லிம்," என்றார். "குலப்பேரு சாவாது. அதான் சிவப்பு."

தேர் ரூஜில் அவரை இறக்கிவிட்ட பிறகு அப்பா, "முடியாது பொண்ணு," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் கடை திறக்கவில்லை. புயல் அடித்த மறுநாள்கூடத் திறந்த கடை. அம்மா முதலில் சாந்தமாகத்தான் ஆரம்பித்தாள். "எங்கள்லயும் பங்காளி வீட்டுல குடுக்க மாட்டோம். ஆனா பங்காளின்னா ஒரு தாத்தா தெரியணும், ஒரு சாவுக்குத் தீட்டாவது இருக்கணும். இது எப்பவோ ஒரு காட்டுல பொறந்த புள்ளை. அதுக்கா எம்பொண்ணு அழணும்?" என்றாள். அப்பா சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பப்பா, பதிவுப் புத்தகத்துல அவர் வேற, நாம வேற. அங்க ஒரு பொண்டாட்டி, இங்க ஒரு பொண்டாட்டின்னு வெச்சிருக்கீங்களே, அதுக்கு உங்க காட்டுப்புள்ளை ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா என்னை அறைந்தாள். அப்பா அல்ல, அம்மா. எரிச்சல் கன்னத்தை விட நெஞ்சில்தான் அதிகம். அந்தக் கேள்வி அப்பாவைத் தைத்ததைவிட அவளை அதிகமாகத் தைத்தது என்று புரிய எனக்குப் பல வருஷம் பிடித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டார். கண் வீங்கியிருந்தது. "கட்டிக்கோ. மேல போய் நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா ஒண்ணு. அவன் இனிமே அந்தக் கல்லுகிட்டப் போவக் கூடாது. என் மருமகன் லிம் கல்லுக்குப் புல்லு புடுங்கறதை ஒருத்தன் பார்த்தாப் போதும். பட்டணத்துல எங்க குலத்துச் சங்க வீட்டுல நான் தலை காட்ட முடியாது. கப்பல்லேர்ந்து இறங்கினப்ப எனக்குச் சோறு போட்டது அந்த வீடு," என்றார்.

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சொன்னால் வெட்கம்தான், சந்தோஷத்தில் குதித்தேன். அடுத்த முறை அவர் உப்புமீனுக்கு வந்தபோது அப்படியே சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் மூட்டையின் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

"புல்லு?" என்றார்.

"யாராவது புடுங்குவாங்க," என்றேன் நான்.

கல்யாணம் நடந்தது. பதிவாளருக்கு ஆட்சேபணை இல்லை, இரண்டு பெயரும் வேறு வேறல்லவா! தேர் ரூஜுக்குக் குடிபோனேன், அடுத்த வருஷமே மாமியாரும் போய்ச் சேர்ந்தார், நான்கு பிள்ளைகள் பெற்றேன். அவர் நல்ல மனிதர். என் வாய்க்கு ஈடு கொடுத்துக் குடும்பம் நடத்தினார் என்பதே பெரிய சான்று. ஒரே ஒரு கிறுக்கு அவருக்கு. நவம்பர் பிறந்தால் கடைக் கதவுக்குச் சிவப்பு பூசுவார். போன வருஷம் பூசியது அப்படியே பளபளவென்று இருக்கும், ஆனாலும் பூசுவார். ஒரு சின்ன டப்பா, ஒரு மெல்லிய தூரிகை. பெரிய கதவுக்கு அந்தத் தூரிகையை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். "வேற வேலையே இல்லியா உங்களுக்கு? இது கதவா, கல்யாணப் பொண்ணா?" என்று நான் கத்துவேன். அவர் தூரிகையை மறுபடி டப்பாவில் தோய்ப்பார்.

கழுதை வண்டிகள் போய் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கிய காலத்தில் அப்பா இறந்தார். சங்க வீட்டிலிருந்து லிம் குலத்தார் பலர் வந்து தூக்கினார்கள். அதே கல்லறைத் தோட்டம். எங்கள் ரகசியத்தை இனி உடைத்தால் என்ன என்று கேட்கலாம். அவர்கள் தோளில் அப்பா போகும்போது எப்படி உடைப்பது? என் கணவர் அயலாராகக் கடைசியில் நடந்தார். ஓர் இடத்தில் நின்றார். அங்கே கல்லே தெரியவில்லை, புல் ஆள் உயரத்துக்கு நின்றது. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு நடந்தார். என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

நவம்பரில் அப்பாவுக்குக் கல் நட்டார்கள். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என் கணவர் வரவில்லை. கூடையில் அரிவாளைப் போட்டுக்கொண்டு நான் மட்டும் போனேன். அப்பாவின் கல்லில் இரண்டு மரமும் புதுச் சிவப்பாக நின்றன. கும்பிட்டுவிட்டு, நேரே அந்தப் புல்லுக்குப் போனேன். கை கிழிந்து ரத்தம் வரும்வரை அறுத்தேன். எழுத்துகளில் பாசி பிடித்திருந்தது. ஒரு துளி சிவப்பும் இல்லை.

சங்க வீட்டிலிருந்து கல் வேலையை மேற்பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் சத்தம் கேட்டு வந்தார். குனிந்து படித்தார்.

"எங்காளு," என்றார், இந்தத் தீவில் எல்லாரும் பேசும் கிரியோலில். "லிம். இதோ, கீழே மகன் பேரும் வெட்டியிருக்கு. மகன் இருந்தும் கல்லு இப்படிக் கிடக்கு பாரு. எப்படிப்பட்ட புள்ளையோ! நாய்கூட எஜமானை மறக்காது."

ஊரையே வாயால் அடக்கியவள் நான். பெற்ற தகப்பனையே எதிர்த்துக் கேட்டவள். பதில் நாக்கு நுனிவரை வந்தது. பின்னால் முப்பது அடியில் அப்பாவின் கல் ஈரம் காயாமல் நின்றது. "யாரோ தெரியலீங்க," என்று சொல்லிவிட்டுப் புல்லை அறுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என் கைகளைப் பார்த்தார். புல் கறை முழங்கைவரை இருந்தது. அவர் முன்னால் கதவு பாதி பூசியபடி நின்றது. பெரியவர் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"சிவப்பு?" என்றார்.

"போயிடுச்சு," என்றேன்.

தூரிகையைத் துணியில் துடைத்தார். டப்பாவை இறுக்கி மூடினார். இரண்டையும் என் கூடையில் அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பள்ளத்துக்குள்ளயே பூசு," என்றார். "வெளிய வழிய விட்டுடாதே."