சுந்தரேசனின் நேட்டோ

காலை ஆறரைக்குப் பால்கனியில் நின்று, எதிர்ச்சாரி மாடிகளைப் பைனாகுலரால் ஒரு சுற்றுத் துழாவிவிட்டு, கழுத்தில் தொங்கும் விசிலை வேட்டி நுனியால் துடைத்தபடி, "மேற்கு எல்லை அமைதி" என்று டைரியில் எழுதுகிறார் சுந்தரேசன். எழுதி முடித்த பிறகுதான் காபி. அமைதி இல்லாத நாட்களிலும் காபி உண்டு, கொஞ்சம் ஆறியிருக்கும்.

வயது எழுபத்தொன்று. முப்பத்து நான்கு வருஷம் மத்திய அரசு அலுவலகமொன்றில் ஐரோப்பியப் பிரிவில் இருந்தார். நேட்டோ பற்றி எந்தப் பத்திரிகையில் என்ன வந்தாலும் கத்தரித்து ஒட்டி, எண் போட்டு, கோப்பில் சேர்ப்பது அவர் வேலை. அந்தக் கோப்பு நேட்டோ தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸுக்கு இரண்டு தடவை போய்வந்தது. சுந்தரேசன் ஒரு தடவையும் போனதில்லை. இந்த விஷயத்தில் அவருக்குக் கோப்பின் மேல் லேசான பொறாமை உண்டு.

ஓய்வுக்குப் பிறகு குடிவந்தது டில்லியின் துவாரகாவில். இவருடைய அடுக்குமாடி சொசைட்டிக்கும் எதிர் சொசைட்டிக்கும் நடுவே ஒரு ரோடு. நாலு தூறல் விழுந்தால் முழங்கால் தண்ணீர். அதற்கு அட்லாண்டிக் என்று பெயர் வைத்தார். ஏழு வருஷத்துக்கு முன் குரங்குகள் இரண்டு பக்கமும் புகுந்து அட்டகாசம் செய்தபோது, இரு கரைக்காரர்களையும் உட்காரவைத்து ஓர் ஒப்பந்தம் எழுதினார். அதன் ஐந்தாம் ஷரத்து அவருக்கு மனப்பாடம்: "ஒரு சொசைட்டியில் குரங்கு புகுந்தால் இரண்டிலும் புகுந்ததாகவே கொள்ளப்படும்." விசில் கேட்டால் அந்தக் கரைக்காரர்கள் தட்டும் கரண்டியுமாக ஓடிவர வேண்டும். விசில் தலைமைத் தளபதியிடம், அதாவது இவரிடம், மட்டுமே இருக்கும். மனைவி வைதேஹி அதை ஒருநாள் அலம்பி வைக்கக் கேட்டதற்கு, "அதெல்லாம் கமாண்ட் ஸ்ட்ரக்சர், நீ தொடப்படாது" என்றுவிட்டார்.

பிறகு குரங்குகள் எங்கோ போய்விட்டன. சுந்தரேசனுக்கு அது பேரிடி. எதிரி இல்லாத கூட்டணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புறாவை எதிரி என்று அறிவித்தார். கேட்டை மறித்து நிற்கும் ஈ-ரிக்ஷாவை அறிவித்தார். கல்யாண வீட்டு ட்ரோனைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் மொட்டைமாடியிலேயே கிடந்தார்.

எதிர் சொசைட்டியின் செயலாளர் ஜூலியா. நாகர்கோவில்காரர், பெரிய ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பொறுமை போயிற்று.

"கொரங்கு போயி ரெண்டு வருசம் ஆச்சுல்லா? பொறவு என்னத்துக்கு சார் கூட்டணி? புறாவுக்கு ஒப்பந்தம் போட்டா ஊரே சிரிக்கும் கேட்டியளா."

"சிஸ்டர், பனிப்போர் முடிஞ்சுதுன்னு நேட்டோ கடையை மூடிட்டாளா? கடல் கொள்ளைக்காரன், கம்ப்யூட்டர் வைரஸ், ட்ரோன்னு மாத்திண்டே வரா. ஆபத்து வேஷம் மாத்தும். நாமளும் மாத்திக்கணும்."

"அச்சா. ஞாயித்துக்கிழம ஓட்டுக்கு விடுவோம். கலைச்சிருவோம்."

அன்றிலிருந்து சுந்தரேசனுக்கு இட்லி இறங்கவில்லை. இரண்டு இட்லியையும் மும்மூன்றாக வெட்டி, ஆறையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். பாவம், அவர் வாழ்நாளில் சொந்தமாகக் கட்டியது அந்தக் கூட்டணி ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை, நல்ல மழை. போனில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் வீடியோவில் வந்து, உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, டிஜிட்டல் கைது, கேமராவை விட்டு நகரக்கூடாது என்று ஹிந்தியில் அதட்டினான். வேறு யாராக இருந்தாலும் பயப்படுவார்கள், அல்லது திட்டுவார்கள். சுந்தரேசன் கோப்பு எண் கேட்டார். அவன் மூன்று சாய்கோடு, வருஷம், தேதி எல்லாம் போட்டு ஒரு எண் சொன்னான். அவ்வளவுதான், மனுஷர் நம்பிவிட்டார். முறையான எண் உள்ள எதையும் அவர் இதுவரை சந்தேகித்ததில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் பதவியில் இருக்கலாகாது என்று, விசிலைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்.

காய்கறி வாங்கப் போயிருந்த வைதேஹி திரும்பிவந்து பார்த்தது மேஜைமேல் கிடந்த விசிலை. குளிக்கும் நேரம் தவிர அந்தக் கழுத்தை விட்டு இறங்காத விசில்.

"ஏன்னா! என்னாச்சு? கதவைத் திறங்கோ!"

"நான் கைதாயிருக்கேன். தொந்தரவு பண்ணாதே."

வைதேஹி விசிலை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினார். மூச்சு முட்டும் வரை ஊதினார்.

அட்லாண்டிக்கைக் கடந்து முதலில் வந்தது ஜூலியாதான். புடவையைத் தூக்கிச் செருகி, கையில் எவர்சில்வர் தட்டு. பின்னால் பதினோரு பேர், கரண்டி, குக்கர் மூடி, ஒரு துடைப்பம். எல்லோரும் குரங்கைத் தேடினார்கள். விஷயம் தெரிந்ததும் ஜூலியா தோளால் ஓர் இடி இடித்தார், தாழ்ப்பாள் கழன்றது. பன்னிரண்டு பேரும் அறைக்குள் புகுந்து தட்டுகளை அடித்த அடியில் போனுக்குள் இருந்தவன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, "கோன் ஹை வஹான்?" யாரது அங்கே, என்று அலறினான்.

ஜூலியா போனைப் பிடுங்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

"நேட்டோ," என்றார்.

அவன் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

சுந்தரேசன் கட்டிலில் உட்கார்ந்து தரையில் தேங்கிய மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அசல் நேட்டோவும் ஐந்தாம் ஷரத்தை ஒரே ஒரு தடவைதான் கையில எடுத்திருக்கா. அதுவும் இருக்கறதுலயே பலசாலியான அமெரிக்காவுக்காக," என்றார் மெதுவாக.

"பலசாலியாம்ல," என்று ஜூலியா புடவையைப் பிழிந்தார். "ஞாயித்துக்கிழம ஓட்டு ஒண்ணும் வேண்டாம் சார். சூடா டீ தாங்க, போதும்."

எல்லோரும் போன பிறகு சுந்தரேசன் சுத்தியலைத் தேடி எடுத்தார். சமையலறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், தன் உயரத்துக்கு ஓர் ஆணியை வைத்துப் பார்த்தார். பிறகு வைதேஹியைக் கூப்பிட்டு, சுவரோரம் நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொன்னார். வைதேஹியின் விரல் எட்டிய இடத்துக்கு ஒரு ஜாண் கீழே ஆணியை அறைந்து, விசிலை மாட்டினார்.