ஹில்டாவின் புகையறை

இரண்டாயிரத்து நாலில் டெக்சாஸுக்கு மகன் வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு ஹில்டாவின் புகையறையிலிருந்து வந்த வாசனை, எப்போதோ இடிந்துபோன எங்கள் வீட்டு அடுப்படிக்கே என்னை இழுத்துக்கொண்டு போனது, அங்கே உத்தரத்தில் உப்புக்கண்டம் சரம்சரமாகத் தொங்கும், கீழே விறகு புகைந்தால் போதும், "ஊதுடி, கண்ணு எரியுது!" என்று அம்மா கத்துவாள், நான் கன்னம் உப்ப ஊதுவேன்.

ஹில்டாவின் பாட்டன் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பக்குவமாம்: பன்றிக்கறியை மிளகு பூண்டோடு அரைத்து, குடலில் அடைத்து, ஓக் விறகுப் புகையில் இரண்டு நாள் தொங்கவிடுவது. நான் எட்டிப் பார்த்த அன்று, மறுநாள் சர்ச் விருந்துக்காக அப்படி அடைத்த நாற்பது சாஸேஜ் தொங்கின. புகையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள்ளே போனாள். விறகு புகைவதைப் பார்த்த பிறகு என் வாய் சும்மா இருக்குமா? ஊதினேன். தீ குபீரென்று எழுந்தது, கொழுப்பு சொட்டியது.

"நோ ஃபயர்! ஒன்லி ஸ்மோக்!" என்று ஓடிவந்து சாம்பலை அள்ளிப் போட்டாள்.

"கோவிச்சுக்காத தாயி, எங்க வீட்ல புகைஞ்சா அடி விழும்" என்றேன், தமிழிலேயே. என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டாள்.

மூன்றுதான் கருகியிருந்தன; அவற்றை எனக்கே கொடுத்தாள். கெட்டதே இத்தனை ருசியா என்று அசந்துபோனேன். நல்லதைத் தின்ன மறுநாள் சர்ச் வரிசையில் முதல் ஆளாக நின்றேன், நெற்றி நிறையக் குங்குமத்தோடு.