பியூலா கேட்ட தண்ணீர்

என் அக்கா பியூலாவின் வலது கையிலிருந்து முதலில் விழுந்தது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுத் தாள். பாளையங்கோட்டையில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். கோயில் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறவள். மூச்சை இழுத்து உச்ச வரியைப் பிடித்தபோது கை உயிரில்லாமல் தொங்கியது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. பிறகு ஒரு நாள் சூடான காப்பியை ஊதிக் குடிக்கையில் தம்ளர் விழுந்தது. குழந்தைகள் தினத்துக்குப் பலூன் ஊதியபோது வாயும் குழறியது.

"கண்ணு பட்டுட்டு" என்றார்கள். "நல்லா பாடுதோம்னு பெருமை வந்துட்டுல்லா, அதான் கர்த்தர் தட்டி வைக்காரு" என்று ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே சொன்னாள். ஒரு டாக்டர் நரம்புக்கு மாத்திரை கொடுத்தார். ஒன்றரை வருடம் இப்படியே போனது. கடைசியில் மதுரையில் மூளையின் ரத்தக் குழாய்களைப் படம் எடுத்தார்கள்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் மண்டைக்குள் நுழைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. ஏன் என்று சரியாகத் தெரியாதாம். மூளை சும்மா இருக்காமல் மயிரிழை போன்ற குழாய்களை முளைக்க வைத்துச் சமாளிக்கிறது. படத்தில் அந்தச் சிக்கல், யாரோ ஊதிவிட்ட புகை மாதிரி இருக்கும். அந்தப் புகைக்கு ஜப்பான்காரர்கள் சொல்லும் சொல்லே நோய்க்கும் பெயராகிவிட்டது: மோயாமோயா. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். குறைந்தால் குழாய்கள் இன்னும் இறுகும். ஊதுவது, விம்மி அழுவது, உச்சத்தில் பாடுவது எல்லாமே ஆபத்து. உடம்பில் நீர் வற்றினால் இன்னும் ஆபத்து. நெற்றிப்பொட்டுத் தோலுக்கு அடியில் ஓடும் ஒரு குழாயை மூளையின் மேலுள்ள குழாயோடு தைப்பதுதான் வழி. அறுவைக்குத் தேதி குறித்தார்கள். அதுவரை பட்டினி கூடாது, தண்ணீர் பாட்டில் கையை விட்டுப் போகக் கூடாது என்றார்கள்.

"மொய் மொய்யா? கல்யாண வீட்டுல வார சீக்கா டீச்சர்?" என்று பள்ளியில் கேட்டார்களாம்.

"ஆமா, ஆளு மொய்ச்சா வரும்" என்று பியூலாவும் சிரித்திருக்கிறாள்.

ஆள் மொய்க்கத்தான் செய்தது. டார்லின் அக்கா எங்கள் தெருவில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். அறுவைக்கு மூன்று வாரம் இருக்கையில், பியூலா வீட்டிலேயே ஒரு சனிக்கிழமை உபவாச ஜெபம் என்று அறிவித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லுங்கள் என அத்தானிடம் போனில் கெஞ்சினேன். ஷிபின் அத்தான் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நூறு பேரை அதட்டுகிற மனுஷன்.

"நமக்காகத்தான வாராங்க மாப்ள. வராதீங்கன்னு எப்படிச் சொல்ல?" என்றார்.

தோஹாவில் உட்கார்ந்துகொண்டு அதற்குமேல் நான் செய்த பெரிய காரியம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கையைப் போட்டதுதான்.

அன்று காலை பியூலா பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். டார்லின் அக்கா அதை எடுத்து அடுக்களையில் வைத்தார்.

"டாக்டர் குடிக்கச் சொல்லிருக்காருக்கா."

"டாக்டரப் படைச்சவரு ஒருத்தரு இருக்காருல்லா? இன்னைக்கு ஒரு நாளு அவரு சொல்லுதத கேளு."

மத்தியானம் என் போனில் வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால் டார்லின் அக்கா முகம். "பாரு தம்பி, ஒங்க அக்காளுக்கு அபிஷேகம் இறங்கிட்டு."

பியூலாவின் தலையில் ஏழெட்டுக் கைகள் அமுக்கிக்கொண்டிருந்தன. அழுது அழுது அவளுக்கு மூச்சு இரைத்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்து, எச்சில் சேலையில் வடிந்தது. வலது கை வேறு யாருடையதோ போலப் பாயில் கிடந்தது.

"தண்... தண்... தந்..." என்றாள்.

"ஆவியானவரு பேசுதாரு, அந்நிய பாஷை" என்றது ஒரு குரல். டார்லின் அக்கா கண்ணை மூடிக்கொண்டு அர்த்தம் சொன்னார். "தந்தேன், தந்தேன்ங்காரு கர்த்தரு. சொகத்தத் தந்தேன்ங்காரு."

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். அத்தானும்தான்.

அது அபிஷேகம் இல்லை, பக்கவாதம் என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு உசாமாவைக் கூப்பிட்டேன். பியூலாவைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் மேலப்பாளையத்து ஆட்டோக்காரர். தெரு முனையில்தான் நிற்பார்.

"அக்காளுக்கு வாய் கோணிட்டு. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"வாரேன்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

"கொஞ்சம் கைய எடுங்கம்மா, டீச்சரத் தூக்கணும்" என்று அவர் உள்ளே நுழைந்தபோது, "ஜெபம் இன்னும் முடியலயே" என்றாராம் டார்லின் அக்கா.

"நீங்க முடிச்சிட்டுப் பைய வாங்க."

மூன்றாம் நாள்தான் பியூலாவுக்குப் பேச்சு வந்தது. வலது கையில் இரண்டு விரல்களுக்கு அசைவு திரும்பி வரவே இல்லை. அறுவை தள்ளிப்போய், பிறகு நல்லபடியாக முடிந்தது. அதற்குள், ஜெபத்தில் யாரோ போனில் எடுத்திருந்த வீடியோ ஊரைச் சுற்றி வந்துவிட்டது. தோஹாவில் என்னோடு வேலை பார்க்கிறவனே, "ஒங்க ஊரு அற்புதமாம்ல" என்று எனக்கு அனுப்பினான். என் அக்காவின் எச்சில், நூற்றுக்கணக்கான இதயக் குறிகளோடு.

போன மாதம் விடுப்பில் போயிருந்தேன். டார்லின் அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு மாடிப்படி ஏறி வந்தார்.

"வார ஞாயித்துக்கெழம கோயில்ல நீ சாட்சி சொல்லணும். ஜெபத்துலதான தப்பிச்ச."

பியூலா இப்போது ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் பேசுகிறாள். "நான்... தண்ணி கேட்டேன்க்கா."

"ஒனக்கு அப்படித்தான் தோணும். நாக்குதான் ஒன்னுது, பேசுனது அவரு." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னா வெயிலு. கொஞ்சம் தண்ணி கொண்டா பியூலா."

பியூலா நாற்காலியை விட்டு அசையவில்லை. அவரையே பார்த்தாள்.

"தந்தேன்... தந்தேன்" என்றாள்.

டார்லின் அக்கா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் பியூலா எழுந்து போய், இடது கையால் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் அதற்குப் பிறகு சாட்சியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் தம்ளரைத் தூக்கி மடக்மடக்கென்று கடைசிச் சொட்டுவரை குடித்தார்.