ஒரு புண்ணும் கெடாத மூன்று மாதங்கள்

பத்மாவதி மேடம் போய்விட்டார் என்ற செய்தி போன வாரம், வார்டில் காலையில் புண்கட்டு மாற்றும் நேரத்தில் வந்தது. "தூக்கத்துலயே, சிஸ்டர்" என்றார் அவர் மகள். வலியில்லாமல் போனாரே என்று நிம்மதியாக இருந்தது. ஆனாலும் அழுதுவிட்டேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவரை ஓசூர்த் தொழிற்சாலையில் கறாரான தரப் பரிசோதகராகத் தெரியும். நான் பழகியது ஓய்வுபெற்ற பிறகு. சிகிச்சையை மேம்படுத்தவும் செலவைக் குறைக்கவும் நடக்கும் ஆய்வுகளுக்குச் சில தொழிலதிபர்கள் சேர்ந்து நிதி கொடுத்தார்கள். விண்ணப்பங்களைச் சலித்தெடுப்பவர் அவர்தான். எத்தனை பக்கம் எழுதிக்கொண்டு போனாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "இதனால நோயாளிக்கு எத்தனை பஸ் பயணம் மிச்சம்?"

என் ஆய்வுக்கு அந்தக் கேள்வி பொருந்தியது. தொழிற்சாலை பிரஸ் மெஷினில் விரல் நசுங்கியவர்கள் கட்டு மாற்ற பர்கூரிலிருந்தெல்லாம் வருவார்கள். வரும் நாளெல்லாம் ஷிப்ட் போகும். வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் வீட்டிலேயே கட்டு மாற்ற முடியுமா என்று பார்க்க நினைத்தேன். நிதி கிடைத்தது. மூன்று மாதத்தில் ஒரு புண்கூடச் சீழ் பிடிக்கவில்லை. மைசூர்பாகோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் இனிப்பைத் தொடவில்லை. "எங்க லைன்ல ஒரு ரிஜெக்ட்கூட இல்லைன்னா எனக்கு சந்தோஷம் வராது, சிஸ்டர். அளக்குற கருவியத்தான் மொதல்ல எடுத்துப் பாப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பொய்க்காரி என்கிறாரோ என்று உர்ரென்று இருந்தேன். அவரோ, நோயாளிகளை வீட்டிலேயே போய்ப் பார்க்கச் சொல்லி, மறுநாளே என்னைக் குந்தாரப்பள்ளிக்குப் பஸ் ஏற்றினார். அங்கே வாடகை வீட்டில் மாரியப்பன் என்ற தொழிலாளி, எங்கள் பட்டியலில் 'ஆறிவிட்டது' என்றிருந்தவர், வீங்கிய விரலை லுங்கி மடிப்பில் மறைத்தார். பக்கத்துக் கிளினிக்கில் சொந்தக் காசில் ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏங்க சொல்லல?" என்றேன்.

"புண்ணு கெட்டா இந்த ஆய்வுக்கு வர்ற பணம் நின்னுடும்னு நீங்கதானே சொன்னீங்க சிஸ்டர்? கம்பெனில ஆடிட்டுக்கு ஆளு வந்தா கெட்ட பீஸ ஒளிச்சு வெப்போமில்லீங்க, அப்படித்தான் வெச்சுட்டேன்."

சொன்னது நான்தான். ஒழுங்காகக் கட்டு மாற்றட்டும் என்று எல்லோரையும் மிரட்டியிருந்தேன். என் வாயால் ஒரு மனிதர் விரலை இழந்திருப்பார். அன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம், விரல் பிழைத்தது. அவரைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள்.

உண்மைக் கணக்கை நிதிக் குழுவில் வாசித்தேன். "தோத்துப்போன ஆய்வுக்கு எதுக்கு மேல மேல பணம்?" என்றார் ஒருவர். மேடம் நிதானமாகச் சொன்னார்: "போன தடவ வந்தது பொய்க்கணக்கு, அதுக்குக் கை தட்டினோம். இப்பத்தான் நெஜம் வந்திருக்கு. பணம் இதுக்குத்தான் கொடுக்கணும்."

கொடுத்தார்கள். நோயாளி வீடு திரும்பிய மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் அங்கே போய்ப் பார்க்கும் ஏற்பாட்டைச் சேர்த்தோம். அதன்பின் பெரும்பாலான விரல்கள் வீட்டிலேயே ஆறின. கெட்டவை எங்களிடம் சீக்கிரம் வந்தன.

அவரிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். செய்தி வந்த அன்றும், வீட்டுக்குக் கிளம்பிய நோயாளி ஒருவரிடம் அதைச் சொல்லித்தான் அனுப்பினேன்: "புண்ணு கெட்டுப்போனா மொதல்ல எங்கிட்ட வாங்க. நான் திட்ட மாட்டேன்."