ஸ்டெல்லாவிடம் மட்டும் கேட்ட கேள்வி

ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், போங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் தங்கை ஸ்டெல்லா கனடாவிலிருந்து பத்து நாள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அங்கே ஒரே குளிராம், வெயிலும் கடலும் பழைய இடங்களும் பார்க்க வேண்டுமாம். நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு ஆதம்பாக்கத்திலிருந்து அவளைச் சாந்தோமுக்கு அழைத்துப் போனேன்.

அம்மா இறந்தது போன வருடம், தீபாவளி நேரம். ஸ்டெல்லா வந்துசேர மூன்று நாளாகும் என்றாள். நான் காத்திருக்காமல் மறுநாளே அடக்கம் செய்துவிட்டேன். அதிலிருந்து அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏழு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டித் துடைத்தது நான். "நீ செஞ்சது சரிதான்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்றுதான் அவள் பின்னாலேயே சுற்றினேன். அவளோ இந்தச் சுவருக்கு எத்தனை வயசு, அந்தக் கல்லுக்கு எத்தனை வயசு என்று படமெடுத்துக்கொண்டே இருந்தாள். எரிச்சலாக வந்தது.

பகல் பதினோரு மணி இருக்கும். சர்ச்சுக்குப் பின்னால் மணலில் அவளை உட்காரவைத்துவிட்டு இளநீர் வாங்கப் போனேன், ஐம்பதடிகூட இருக்காது. வெட்டித் தருகிறவரைக்கும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாருமில்லை. கையை ஆட்டி ஏதோ பேசினாள், போன் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தால் கோபத்தில் கொதிக்கிறாள்.

"நம்ம வீட்டு விஷயத்த ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கியா? முக்காடு போட்டுக்கினு ஒரு அம்மா வந்து உக்காந்துச்சு, மூஞ்சிகூட சரியா தெரியல. 'உங்க அக்காவுக்கு அன்னிக்கு இன்னா அவ்ளோ அவசரம்'னு என்னக் கேக்குது."

யாருமே வரவில்லையடி என்றேன். நம்பவில்லை. இளநீர்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு ஒண்டியாத்தான் பேசிக்கினு இருந்துச்சு" என்றார்.

அவரையும் நான் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறேனாம். அந்த அம்மா கையில் ஜெபமாலைகூட இருந்தது, நீல மணி, சிலுவை இருக்கிற இடத்தில் ஒரு ஊக்கு மாட்டியிருந்தது, இதையெல்லாம் நானா கற்பனை செய்தேன் என்று சண்டைக்கு வந்தாள்.

நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்களில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் இறந்தவர் விரல்களில் அவருடைய ஜெபமாலையைச் சுற்றிவைப்பது வழக்கம். அன்றைக்கு அம்மாவுடையதைத் தேட நேரமில்லை. என் பையிலிருந்ததை எடுத்துச் சுற்றி, மேலே பூவைப் போட்டு, மூடச் சொல்லிவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. சிலுவை உடைந்து, ஊக்கு மாட்டி வைத்திருந்த நீல மணி ஜெபமாலை அது.

அங்கேயே ஸ்டெல்லாவிடம் சொன்னேன். புதுசா கதை கட்டாதே என்று ஆட்டோவுக்குக் கை காட்டினாள். மீதி நாள்களில் மாமல்லபுரமெல்லாம் தனியாகவே போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அம்மா வந்தாளா, வந்தது வேறு யாராவதா, தெரியாது. அம்மாவாக இருந்தால் ஏழு வருடம் பக்கத்திலேயே படுத்துக்கிடந்த என்னிடம் ஏன் வரவில்லை? ஐம்பதடியில்தானே நின்றேன். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், தீபாவளி சீசனில் கடையில் எனக்கு ஒரு நாள்தான் லீவு கொடுத்தார்கள் என்று.